பத்தா, பத்துக்கு மேலா? பொது மருந்தாய்வுத் தரவுத்தளத்தைச் சோதித்த ஒரு மாணவப் பயிற்சி

"சார், இந்த 10 என்பது பத்தா, பத்துக்கு மேலா?"

பயிற்சிக்கு வந்த மாணவி மூன்றாவது வாரத்தில் என்னிடம் கேட்டது இது. திரையில் ஒரு சேர்மத்தின் பக்கம் திறந்திருந்தது. சேர்மத்தின் வலிமையைக் காட்டும் ஐசி50 என்ற இடத்தில் 10 மைக்ரோமோலார் (செறிவின் அலகு) என்று இருந்தது. அவர் ஏற்றிய எக்செல் ஷீட்டிலோ அந்த 10-க்கு முன்னால் 'விடப் பெரிது' குறி ஒன்று இருந்தது. எண் மட்டும் தரவுத்தளத்துக்குள் வந்திருந்தது. குறி வழியிலேயே உதிர்ந்துபோயிருந்தது.

அந்தத் தரவுத்தளத்தைத் தினமும் பயன்படுத்துகிறவன் நான். அப்படிப்பட்ட பக்கங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். 10 என்று கண்டதும், 'சரி, சோதித்த உச்சச் செறிவு வரை போயும் வேலை செய்யவில்லை போல' என்று மனசு தானாகவே திருத்திப் படித்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. திரையில் இருப்பதை மட்டும் படித்தார், பிழை கண்ணில் பட்டது. இந்தப் பத்து வாரப் பயிற்சியை முழுதாக எழுதிவைக்க நினைத்ததற்குக் காரணமே அந்த ஒரு கேள்விதான்.

தரவுத்தளம் யாருக்காக

மூன்று ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து நடத்தும் தரவுத்தளம் அது. ஒரு குழு புதிய சேர்மங்களைச் செய்கிறது. இன்னொன்று அவற்றை நொதிகள் மேல் சோதிக்கிறது. மூன்றாவது குழு உயிருள்ள செல்களில் சோதித்துப் பார்க்கிறது. பொதுவில் வைக்கும் முடிவுகள் ஒருபுறம். ஒவ்வொரு குழுவுக்கும் மற்றவர்கள் பார்க்கக் கூடாத சொந்தத் திட்டங்கள் இன்னொருபுறம். இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன.

மருந்து கண்டுபிடிப்பில் இப்படிச் சேர்த்து வைப்பதற்கு நல்ல காரணம் உண்டு. 2010-இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனம், மலேரியா ஒட்டுண்ணிமேல் வேலை செய்த 13,000-க்கும் மேற்பட்ட சேர்மங்களின் அமைப்புகளை யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டது. 'மெடிசின்ஸ் ஃபார் மலேரியா வென்ச்சர்' அமைப்பு 400 சேர்மங்களை ஒரே பெட்டியில் அடுக்கி, கேட்ட ஆய்வகங்களுக்கு இலவசமாக அனுப்பியது. கிடைக்கும் முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. லாபம் தராத நோய்களுக்குத் தனியாக ஓடி ஜெயிக்க முடியாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டதன் அடையாளம் இவை. எங்களுடையது அவற்றின் பக்கத்தில் வைக்க முடியாத அளவுக்குச் சின்ன முயற்சி. ஆனால் நம்பிக்கை ஒன்றுதான்: ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்த முடியும்.

அந்த நம்பிக்கையைத்தான் சோதிக்க வேண்டியிருந்தது. முதலில் நான் அதைச் சோதிக்கச் சொல்லவில்லை.

வீணாய்ப்போன இரண்டு வாரம்

மாணவி உயிர்த்தொழில்நுட்பம் படிப்பவர். நிரலாக்கம் கொஞ்சம் தெரியும், மருந்து வேதியியல் பாடமாகப் படித்ததோடு சரி. நான் கொடுத்தது ஒரு பட்டியல். லாகின் ஆகிறதா? சேர்மப் பக்கம் திறக்கிறதா? தேடினால் முடிவு வருகிறதா? கோப்பு இறங்குகிறதா? அவர் ஒவ்வொன்றாகச் செய்து 'சரி' போட்டுக்கொண்டே வந்தார். இரண்டாவது வார முடிவில் பட்டியல் முழுக்கச் 'சரி'. கண்டுபிடித்ததெல்லாம் ஒரு பொத்தான் சிறிய திரையில் பாதி மறைகிறது என்பது மட்டும்.

தவறு என்னுடையது. பொத்தான் வேலை செய்கிறதா என்று கேட்டால் அதற்குத்தானே பதில் கிடைக்கும்? பொத்தான்களை நிரல் எழுதியவர்களே பல தடவை அழுத்திப் பார்த்திருப்பார்கள்.

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் இப்படிச் சொன்னேன்: "காலையில் நீங்கள் நொதிக் குழுவின் ஆள். ஒரு ஷீட் தயார் செய்து ஏற்றுங்கள். மதியம் வேறொரு லாகினில் வேதியியல் குழுவின் ஆளாக வாருங்கள். காலையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கிடைப்பதை இறக்கிப் பாருங்கள். அப்புறம் இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுங்கள்."

உண்மையான திட்டத் தரவு எதையும் அவருக்குக் கொடுக்கவில்லை. தரவுத்தளத்தின் தனிப் பிரதி ஒன்றில், எல்லோருக்கும் தெரிந்த மருந்துகளை வைத்து அவரே ஷீட்டைச் செய்தார்: ஆஸ்பிரின், இமாட்டினிப், சிட்டலோபிராம், டெக்ஸாமெத்தசோன். அளவீட்டு எண்கள் எல்லாம் அவர் இட்டுக்கட்டியவை. பொய்யான எண் ஒன்று உண்மையான தரவுத்தளத்துக்குள் புகுந்துவிட்டால் பின்னால் பிரித்தெடுக்கவே முடியாது. அதனால் தனிப் பிரதி என்பதில் நாங்கள் சமரசம் செய்துகொள்ளவில்லை.

முதல் சுற்றிலேயே அந்த 'விடப் பெரிது' குறி காணாமல்போனது தெரிந்துவிட்டது.

குறி போனால் என்ன

ஐசி50 என்பது ஒரு நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு. எண் சிறிதாக இருந்தால் சேர்மம் வலிமையானது. '10-ஐ விடப் பெரிது' என்றால், சோதித்த உச்சச் செறிவான 10 மைக்ரோமோலாரிலும் பாதி தடுப்பு வரவில்லை என்று அர்த்தம். உண்மையான மதிப்பு 11 ஆகவும் இருக்கலாம், 1,000 ஆகவும் இருக்கலாம், அந்தச் சேர்மத்துக்கு அப்படி ஒரு மதிப்பே இல்லாமலும் போகலாம்.

குறி உதிர்ந்ததும் அது 'சுமாராக வேலை செய்யும் சேர்மம்' ஆகிவிடுகிறது. மாணவி தன் குறிப்பில் போட்டிருந்த கணக்கு எளிமையானது. ஒரு சேர்மத்தை மூன்று முறை சோதித்தார்கள் என்று வையுங்கள். முதல் முறை 2, மற்ற இரண்டு முறையும் '10-ஐ விடப் பெரிது'. குறி இல்லாமல் சராசரி போட்டால் 7.3 வருகிறது. பார்ப்பதற்கு ஒழுங்கான எண். உண்மையில் அந்த மூன்று அளவீடுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, சோதனையை மறுபடி செய்ய வேண்டும் என்பதுதான் அங்கே இருக்கும் செய்தி. 7.3 அந்தச் செய்தியை விழுங்கிவிடுகிறது. இதே எண்களை ஒரு கணினிக் கணிப்பு மாதிரிக்குப் பயிற்சித் தரவாகக் கொடுத்தால், செயலற்ற சேர்மங்களைச் செயல்படுபவை என்று அது கற்றுக்கொள்ளும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கலும் இல்லை. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் பராமரிக்கும் செம்பிள் தரவுத்தளம் எண்ணை அட்டவணையின் ஒரு பத்தியிலும், அதற்கு முன்னால் வரும் குறியை வேறொரு பத்தியிலும் வைக்கிறது. வழக்கமான வரம்புக்கு வெளியே போன மதிப்புகளுக்கும், எடுத்தெழுதியதில் பிழை இருக்கலாம் என்று தோன்றும் மதிப்புகளுக்கும் தனியாக எச்சரிக்கை போட்டுவைக்கிறது. எங்கள் தரவுத்தளத்திலும் குறிக்குத் தனிப் பத்தி இருந்தது. ஷீட்டை உள்ளே வாங்கும் நிரல்தான் குறியையும் எண்ணையும் ஒரே கட்டத்தில் கண்டால் எண்ணை எடுத்துக்கொண்டு குறியைத் தூக்கிப்போட்டது.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு எழுத்துகள்

குறியைத் தொடர்ந்து அலகு. மைக்ரோ என்பதற்கு நாம் போடும் எழுத்து யூனிகோடில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று மைக்ரோ குறி, மற்றது கிரேக்க எழுத்தான மியூ. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் நிரலுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவது வந்தால் அலகு புரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டது. காலியாக இருந்தால் 'நானோமோலார்' என்று தானாக நிரப்பும்படி யாரோ எப்போதோ ஒரு வசதி செய்துவைத்திருந்தார்கள். விளைவு, 50 மைக்ரோமோலார் 50 நானோமோலார் ஆனது.

ஆயிரம் மடங்கு. மடக்கை அளவில் (இதில் எண் பெரிதாக இருந்தால்தான் சேர்மம் வலிமையானது) சொன்னால் 4.3 ஆக இருக்க வேண்டியது 7.3. கிடப்பில் போட வேண்டிய சேர்மம் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் பட்டியலின் தலைக்கு வந்துவிடும். அதை நம்பி ஒரு வேதியியலாளர் அதே குடும்பத்தில் இன்னும் சில சேர்மங்களைச் செய்ய உட்கார்ந்தால் போகும் மாதங்களை யார் திருப்பித் தருவது?

காலி இடத்தைத் தானாக நிரப்பும் அந்த வசதியை அன்றே எடுக்கச் சொன்னேன். அலகு தெரியாவிட்டால் ஷீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்றுகிறவருக்கு எரிச்சல் வரும்தான், வரட்டும்.

சிறு பிழைகள் வேறு சில. சேர்மங்களை அடையாளம் காண உலகெங்கும் பயன்படும் சிஏஎஸ் பதிவு எண் ஒன்று உண்டு. டெக்ஸாமெத்தசோனுக்கு அது 50-02-2. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் அமைப்புள்ள கணினியில் எக்செல் அதை 1950 பிப்ரவரி 2 என்று மாற்றிவைத்தது. மரபணுப் பெயர்களுக்கும் எக்செலால் இதே கதி நேர்ந்து, 2020-இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொன்று, ஆஸ்பிரினின் எண் 50-78-2. அதன் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். மற்ற இலக்கங்களை வலமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கால் பெருக்கிக் கூட்டினால் 8+14+0+20, அதாவது 42. அதன் கடைசி இலக்கம் 2. மாணவி வேண்டுமென்றே 50-78-3 என்று போட்டுப் பார்த்தார். தரவுத்தளம் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

எது ஒரே சேர்மம்

இந்தப் பகுதியில் நிரல் பிழையைவிட எங்களுக்குள் இருந்த கருத்து வேறுபாடுதான் பெரிதாக வெளிவந்தது.

சிட்டலோபிராம் என்பது கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிரான இரண்டு வடிவங்களின் கலவை. அதில் முக்கியமாக வேலை செய்யும் ஒரு வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்தால் எஸ்சிட்டலோபிராம். மாணவி இரண்டையும் தனித்தனி வரிசையாக ஏற்றினார். இறக்கிப் பார்த்தால் ஒரே சேர்மமாக வந்தது, அளவீடுகளும் கலந்துபோயிருந்தன. இன்சி கீ என்று ஓர் அடையாளக் குறியீடு உண்டு, 27 எழுத்துகள். முதல் 14 எழுத்துகள் அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைச் சொல்லும். முப்பரிமாண வடிவம் அடுத்த பகுதியில்தான் வரும். எங்கள் நிரல் முதல் 14-ஐ மட்டும் ஒப்பிட்டு 'இரண்டும் ஒன்றே' என்று முடிவு கட்டியிருந்தது.

அடுத்தது உப்பு வடிவம், அதாவது மருந்து மூலக்கூறு ஓர் அமிலத்தோடோ காரத்தோடோ சேர்ந்த வடிவம். இமாட்டினிப்பின் மூலக்கூறு எடை 493.6, அதன் மெசிலேட் உப்பின் எடை 589.7. சேர்மத்தை எடைபோட்டுக் கரைசல் செய்பவர் மெசிலேட்டை எடுத்துவிட்டு, தரவுத்தளம் காட்டும் 493.6-ஐ வைத்துக் கணக்கிட்டால், கரைசலில் உண்மையில் இருப்பதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார். எங்கள் தரவுத்தளத்தில் சேர்மப் பக்கத்தில் ஓர் எடை மட்டும்தான் இருந்தது. எந்த பேட்ச் (ஒரு தடவையில் செய்த தொகுதி) எந்த உப்பு என்று எழுதக் குறிப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பெரும்பாலும் யாரும் நிரப்புவதில்லை.

இவற்றைக் கூட்டத்தில் வைத்தபோது வேதியியல் குழு, ஒவ்வொரு வடிவமும் தனிச் சேர்மமாக இருந்தே ஆக வேண்டும் என்றது. செல் குழு, தாய் மூலக்கூறு (உப்பு, வடிவ வேறுபாடுகளை விட்டுப் பார்த்த அடிப்படை மூலக்கூறு) ஒன்றின் எல்லா முடிவுகளையும் ஒரே இடத்தில் பார்க்க முடியாவிட்டால் தங்களுக்குப் பயனில்லை என்றது. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். இத்தனை நாளும் இரண்டு குழுக்களும் 'சேர்மம்' என்ற ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் பயன்படுத்திவந்ததை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் கண்டோம். கடைசியில் மூன்று அடுக்கு வைத்தோம்: தாய் மூலக்கூறு, அதன் கீழே வடிவமும் உப்பும், அதற்கும் கீழே பேட்ச். அளவீடு பேட்சோடு மட்டும் ஒட்டும், மேல் அடுக்கில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். பேட்சில் உப்பு வடிவத்தைக் குறிக்காமல் பதிவு முடியாது.

காட்டாததைக் காட்டிக்கொடுத்த எண்ணிக்கை

பயிற்சியின் ஏழாவது வாரம். என்னை உண்மையிலேயே கலங்கவைத்தது இதுதான்.

குழு அனுமதிகளைச் சோதிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு குழுவின் லாகினில் போய் இன்னொரு குழுவின் ரகசியச் சேர்மத்தைத் திறக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. திறக்க முடியவில்லை. நேரடி முகவரி போட்டாலும் 'அனுமதி இல்லை' என்றே வந்தது. நான் 'சரி' போட்டுவிட்டிருப்பேன்.

மாணவி தேடல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டினார். மூலக்கூறு அமைப்பின் ஒரு துண்டை வரைந்து, அது உள்ள சேர்மங்களைத் தேடியிருந்தார். மேலே '7 சேர்மங்கள் கிடைத்தன' என்று இருந்தது. கீழே பட்டியலில் இருந்தவை 4. மீதி 3 எங்கே?

அவை மற்ற குழுவுக்குச் சொந்தமானவை. பட்டியலிடும் முன் அனுமதியைப் பார்த்த நிரல், எண்ணும் முன் பார்க்கவில்லை. அதனால் என்ன, ஓர் எண்தானே என்று முதலில் எனக்கும் தோன்றியது. அவர் விடவில்லை. மற்ற குழுவின் லாகினில் தானே கற்பனையாக ஒரு மூலக்கூறை வரைந்து ரகசியமாகச் சேமித்தார். அப்புறம் இந்தப் பக்கத்து லாகினில் வந்து உட்கார்ந்தார். ஒரு வளையம் வரைந்து தேடினார்: பட்டியல் காலி, எண்ணிக்கை 1. வளையத்தில் ஒரு நைட்ரஜன் போட்டார்: இன்னும் 1. அதிலிருந்து தள்ளி வளையத்தில் ஒரு ஃபுளோரின் சேர்த்தார்: 0. அந்த ஃபுளோரினை நைட்ரஜனுக்குப் பக்கத்துக்கு நகர்த்தினார்: 1. இப்படி ஒவ்வோர் அணுவாக, எண்ணிக்கை 1-இல் நிற்கிறதா 0-க்கு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே போய், ஒரே மதியத்தில் அந்த மூலக்கூறை முழுதாக வரைந்து முடித்துவிட்டார். விடை முன்னமே தெரிந்தவர் என்பதால் வேகமாக முடிந்தது, உண்மைதான். தெரியாதவருக்கு இன்னும் சில நாள் ஆகும், அவ்வளவுதான்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு சேர்மத்தின் அமைப்பு பொதுவெளிக்கு வந்துவிட்டால், ஐரோப்பா போன்ற இடங்களில் அதன் புதுமையே பெரும்பாலும் கேள்விக்குள்ளாகிவிடும். எங்கள் குழுக்களுக்கு இடையே ரகசிய ஒப்பந்தம் இருப்பதால் உள்ளே தெரிவது பொதுவெளி ஆகாது. ஆனாலும் 'என் சேர்மம் பக்கத்துக் குழுவுக்குத் தெரியாது' என்று நம்பித்தான் ஒவ்வொருவரும் தரவைப் போடுகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் யாரும் எதையும் போட மாட்டார்கள். அப்புறம் பொதுத் தரவுத்தளம் என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும்?

இதே வகையில் இன்னொன்றும் சிக்கியது. சேர்மப் பக்கத்தில் காட்டிய சராசரியில் மறைக்கப்பட்ட அளவீடுகளும் கலந்திருந்தன. என் அளவீடு 2, சராசரி 3, அளவீடுகள் 2 என்று பக்கம் சொன்னால், எனக்குத் தெரியக் கூடாத அந்த மற்ற எண் 4 என்று யாரும் சொல்லிவிடலாம்.

இரண்டையும் சரிசெய்த வழி ஒன்றுதான். முதலில் அனுமதியைப் பார்த்து வடிகட்ட வேண்டும். எண்ணுவது, கூட்டுவது, சராசரி எடுப்பது எல்லாம் வடிகட்டியதன் மேல்தான்.

எழுதுவதில் கிடைத்த திருத்தம்

அவருடைய முதல் பிழை அறிக்கை ஒரே வரி: 'ஐசி50 சரியாக வரவில்லை.' நிரலாளர் ஒரே வரியில் பதில் போட்டார்: 'எனக்குச் சரியாகத்தான் வருகிறது.' இருவர் மேலும் குறை சொல்ல முடியாது. எந்தக் கோப்பு, எந்த வரிசை, போட்டது என்ன, வந்தது என்ன என்று எழுதச் சொல்லிக்கொடுத்தேன். அது எல்லோரும் சொல்லிக்கொடுப்பதுதான். அவர் தானாகச் சேர்த்துக்கொண்ட கடைசி வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது: 'இதை நம்பும் ஆய்வாளர் எடுக்கக்கூடிய தவறான முடிவு.' மைக்ரோ எழுத்துப் பிழைக்கு அந்த இடத்தில் 'செயலற்ற சேர்மத்தை மேற்கொண்டு செய்யத் தேர்ந்தெடுப்பார்' என்று எழுதியிருந்தார். அதுவரை 'எழுத்துரு சார்ந்த சிறு பிழை' என்று வரிசையின் அடியில் கிடந்தது, அன்று சாயந்திரமே சரிசெய்யப்பட்டது. இப்போது எங்கள் எல்லோருடைய பிழை அறிக்கைப் படிவத்திலும் அந்த வரி இருக்கிறது.

பயிற்சி தொடங்கும் முன்பே நொதிக் குழுவின் ஆய்வகத்தில் அவரை இரண்டு நாள் உட்காரவைத்திருக்க வேண்டும். ஐந்தாவது வாரத்தில்தான் அது நடந்தது. 96 குழித் தட்டில் செறிவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவதை நேரில் பார்த்த பிறகு அவர் கேட்ட கேள்விகளின் தரமே வேறாக இருந்தது. குறியும் எண்ணும் எங்கிருந்து வருகின்றன என்பது அதற்கப்புறம் அவருக்கு ஏட்டுப் பாடமாக இல்லை.

பத்து வாரத்தில் முடியாததும் உண்டு. வெவ்வேறு குழுக்களின் ஐசி50 மதிப்புகளைச் சேர்த்துச் சராசரி காட்டலாமா என்று அவர் கேட்டார். 10-உம் 1,000-உம் இருந்தால் சாதாரண சராசரி 505, பெருக்குச் சராசரி (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால்) 100. எதைக் காட்டுவது? அதற்கும் முன்னால், இரண்டு ஆய்வகங்கள் வேறு வேறு நொதிச் செறிவில் அளந்ததைச் சேர்ப்பதே முறையா? இதில் குழுத் தலைவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதுவரை சராசரியைக் காட்டாமல் எல்லா மதிப்புகளையும் வரிசையாகக் காட்டுகிறோம்.

போகும்போது அவர் விட்டுச்சென்றது அந்தச் சோதனை ஷீட். விடப் பெரிது குறி, இரண்டு மைக்ரோ எழுத்துகள், சிட்டலோபிராமின் இரு வடிவங்கள், இமாட்டினிப் உப்பு, 50-78-3 என்ற தவறான எண், எல்லாம் அதில் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் 'இறக்கும்போது இப்படி வர வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். நிரலில் எந்த மாற்றம் வந்தாலும் முதலில் அந்த ஷீட்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம். அவர் போன பிறகு, ஷீட்டைப் படிக்கும் நிரலின் புதிய பதிப்பு ஒன்று வந்தது. ஏற்றிப் பார்த்தோம். கிரேக்க மியூ இருந்த வரிசையில் அலகு மறுபடியும் காலியாக வந்தது. அந்தப் பதிப்பை யாருக்கும் அனுப்பாமல் நிறுத்திவைத்து, அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.